பெரியக்காவின் ஒருநாள் கிளப்

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று தம்பி கேட்டபோது, பெரியக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஒரு கிளப் வேணும்" என்றாள்.

"எந்த கிளப்? லேடீஸ் கிளப்பா?"

"ஆடுற கிளப்டா. இருட்டா, கலர் லைட் சுத்திக்கிட்டு, பாட்டு சத்தமா. ஒரே ஒரு நாள் போதும்."

தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அந்தப் பெண் கல்யாணமாகி வந்து பதினோரு வருடமாகியும் சொந்தக்காரர்களுக்கு இன்னும் 'புதுப்பொண்ணு'தான். அவள் தலை குனிந்து தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, கறை பார்த்து, எந்திரத்தில் போட்டு எடுப்பாள். அப்பா செத்து அம்மா பக்கவாதத்தில் படுத்தபோது, மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த வேலையில் சேர்ந்தாள். அப்போது ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஒரு நடன கிளப் இருந்தது. கூட வேலை பார்த்த பெண்கள் சம்பள நாளில் அங்கே போவார்கள். ஒருமுறை இவளையும் வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே அடித்த தாளம் செருப்பு வழியாகப் பாதத்தில் ஏறியது. அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரம் என்று திரும்பிவிட்டாள். அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தாள். பெண் கேட்டு ஓரிருவர் வந்தார்கள், வந்த வழியே போனார்கள். தம்பி படித்தான், வேலைக்குப் போனான், கட்டிக்கொண்டான். கிளப்பை எப்போதோ இடித்துவிட்டார்கள்.

பிறந்தநாளுக்கு ஒரு பழைய சோபாக் கடையின் மாடியைப் பிடித்தாள். காலியாகக் கிடந்த கூடம். நான்கு பக்கமும் ஜன்னல், வெளிச்சம் கொட்டியது. கழித்துப்போட்ட ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சலவைக்கூட மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, கறுப்புச் சாயத்தில் முக்கி, காயவைத்து, ஜன்னலெங்கும் தொங்கவிட்டாள். ஒரு வாரம் அவள் விரல் நகங்கள் கறுத்தே இருந்தன. புகை விடும் எந்திரம், சுழலும் விளக்கு எல்லாம் ஆம்புலன்ஸ் டிரைவர் கொண்டுவந்தான். விடுமுறை நாட்களில் விசேஷங்களுக்குப் பாட்டுப் போடுகிறவன் அவன்.

"என்னென்ன பாட்டு போடட்டும்க்கா?"

"எனக்கு என்ன தெரியும்? சும்மா நிக்க முடியாம ஆடணும். அப்படிப் போடு."

அன்று அவள் வெள்ளிச் சரிகை மின்னும் நீலச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் போட்டுக்கொண்டாள். மாலை ஆறு மணிக்கே கூடத்துக் கதவருகில் நின்று வருகிறவர்களை வரவேற்றாள். சலவைக்கூடத்துக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். தம்பி வீட்டுச் சொந்தங்கள் வந்தார்கள். வந்தவர்கள் இருட்டில் தட்டுத்தடுமாறி, சுவரோரம் கிடந்த நாற்காலிகளைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்கள். பாட்டு அதிர்ந்தது. நடுவில் தரை காலியாகக் கிடந்தது. சாப்பாட்டு மேசைக்கு மேலே மட்டும் ஒரு சின்ன பல்பு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் பாதிக் கூட்டம் அதன் கீழே போய் நின்றுகொண்டது.

"எது கறி, எது கேக்குனே தெரியலையே" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள்.

பெரியக்கா நடுவே போய் நின்றாள். கையைத் தூக்கினாள். இவ்வளவு வருடமாக மனதுக்குள் ஆடியது எதுவும் உடம்புக்கு வரவில்லை. இடமும் வலமுமாகக் கொஞ்சம் அசைந்தாள். யாராவது கூட வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அப்போது டிரைவர் புகையைத் திறந்துவிட்டான். ஒரு குழந்தை பயந்து வீறிட்டது.

"போதும்பா, லைட்டைப் போடுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே தம்பி சுவரைத் தடவி சுவிட்சைத் தட்டினான்.

டியூப்லைட்டுகள் மினுக்கி மினுக்கி எரிந்தன. கறுப்பு விரிப்புகளில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரி முத்திரை உள்ளிருந்து தெரிந்தது. சுவரோரம் வியர்த்த முகங்கள். நடுவில், மின்னும் சட்டையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெரியக்கா. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போட்டோ எடுத்தாயிற்று, கேக்கும் வெட்டியாயிற்று. விளக்கை மட்டும் யாரும் திரும்ப அணைக்கவில்லை. அணையுங்கள் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

அப்போது புதுப்பொண்ணு எழுந்தாள். நேராகப் போய் சுவிட்சை அணைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நடுத்தரைக்கு வந்து பெரியக்காவின் இரண்டு கையையும் பிடித்தாள்.

"வாங்க அண்ணி."

"எனக்கு வரலம்மா."

"எனக்கு மட்டும் வருதா? குதிப்போம், வாங்க."

குதித்தார்கள். ஒரு பாட்டு முழுக்க, இரண்டு சிறுமிகள் மாதிரி, மூச்சு வாங்க வாங்கக் குதித்தார்கள். புதுப்பொண்ணு வாய்விட்டுச் சிரித்ததை அந்தக் குடும்பம் அன்றுதான் கேட்டது. அடுத்த பாட்டு முடிவதற்குள் தம்பி வந்து மனைவியின் முழங்கையைப் பிடித்தான்.

"எல்லாரும் பார்க்கறாங்க. கிளம்பு."

"அண்ணிக்குப் பிறந்தநாளுங்க."

"கிளம்புன்னா கிளம்பு."

அவர்கள் இறங்கிப் போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பெரியக்கா விரிப்புகளை அவிழ்த்து மடித்தாள். டிரைவர் வயர் சுற்றியபடி, "இன்னொரு பாட்டு போடவாக்கா?" என்று கேட்டான். "காது வலிக்குதுப்பா" என்றாள். உண்மையாகவே வலித்தது. இதற்காகவா இத்தனை வருடம் என்று தோன்றியது. யாரிடம் அதைச் சொல்வது?

வீட்டில் தம்பி அவளை எதுவும் சொல்லவில்லை. மனைவியைத்தான் சொன்னான். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த பெரியக்காவுக்கு எல்லாம் கேட்டது. மறுநாளும், அதற்கு மறுநாளும் கேட்டது. புதுப்பொண்ணு சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம்கூட வராமல் நடமாடினாள். நாலாம் நாள் பெரியக்கா தம்பி முன்னால் போய் நின்றாள்.

"தப்பு என் மேலதான். அவளை விட்டுடு."

தம்பி கொஞ்சம் இளகினான். "சரி விடுக்கா. வயசானா அப்படித்தான், புத்தி எங்கெங்கேயோ போகும். நாமதான் பார்த்துக்கணும்."

தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் அதைப் பிரியமாகத்தான் சொன்னான். அதுதான் அவளைத் தைத்தது. அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்று பார்த்துக்கொண்டு போனாள்.

"யாரு உன்னைப் போகச் சொன்னா?" என்று தம்பி வாசலில் நின்று கேட்டான். கண் கலங்கியிருந்தான்.

"யாரும் சொல்லலடா."

தனியே இருந்து பழக்கமில்லை. வேலை முடிந்து வந்தால் கை பரபரக்கும். ஒருத்திக்குச் சமைக்க அளவு தெரியாமல் மிச்சமாகும். மறுநாளும் அதையே சாப்பிடுவாள். சில சாயங்காலங்களில் விளக்கைக்கூடப் போடாமல் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

கடைக்குப் போகிற சாக்கில் எப்போதாவது புதுப்பொண்ணு வருவாள். காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்காருவாள். அந்த நாளைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. பிள்ளைகளின் பரீட்சை, தம்பியின் ரத்த அழுத்தம், விலைவாசி என்று ஏதாவது பேசுவார்கள்.

"நேரமாச்சு அண்ணி, அவர் வந்துடுவார்."

"சரிம்மா. பார்த்துப் போ."

மாடிப்படியில் அவள் இறங்கும் சத்தம் தெருவில் கரையும்வரை பெரியக்கா கதவைப் பிடித்தபடி நிற்பாள். பிறகு உள்ளே போய் காபி டம்ளர்கள் இரண்டையும் கழுவிக் கவிழ்த்து வைப்பாள்.