பெஞ்சுக்கு நான் சொன்ன கதை

போன வியாழக்கிழமை சாயங்காலம். புனேயில், ஆகுர்டி ஸ்டேஷன் பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். "காகு!" என்று ஒரு குரல். அம்மா வயதுக்காரர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் மகன் கார்த்திக்கை ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்குக்கு ஏற்றிப்போகும் கம்பெனி கேப் டிரைவர்.

"கார்த்திக்குக்கு வேற வேலை கிடைச்சுதா காகு?" என்று மராத்தியில் கேட்டார்.

வேற வேலையா?

"மூணு வாரமா என் லிஸ்ட்ல அவன் பேரே இல்லையே..." என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அன்று காலைகூட டிபன் பாக்ஸோடுதான் கிளம்பினான். "ரோடு தோண்டியிருக்காங்கம்மா, கேப் உள்ள வராது. முனையில ஏறிக்கறேன்." மூன்று வாரமாக இதே பதில். புனேயில் எந்த ரோட்டைத் தோண்டாமல் வைத்திருக்கிறார்கள்? நம்பினேன்.

போன் செய்தேன். சுவிட்ச்டு ஆஃப். மறுபடி... மறுபடி... வாங்கிய வெந்தயக்கீரையை எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது. அந்த இரண்டு மணி நேரம் மனசு எங்கெல்லாம் போய் வந்தது என்பதை எழுத மாட்டேன். கை வரவில்லை.

ஏழரைக்கு வந்தான். வழக்கமான நேரம்.

"எங்கடா போயிருந்தே?"

என் முகமே அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. "வேலை போயிடுச்சும்மா. அப்யாசிகாவுக்குப் போயிருந்தேன்."

அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மாத வாடகைக்கு ஒரு நாற்காலி பிடித்து உட்காரும் படிப்பறை அது. உள்ளே போனை அணைத்துவிட வேண்டுமாம். அங்கே உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னேனேம்மா. மூணு மாசம் முன்னாடி, நீ சப்பாத்தி தேச்சிட்டிருந்தே. என்னைப் பெஞ்ச்ல போட்டுட்டாங்கன்னு சொன்னேன்."

சுருக்கென்றது. ஆமாம், சொன்னான்.

புராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்காமல் காத்திருப்பதற்கு ஐ.டி.யில் அப்படித்தான் பெயர். எனக்கும் தெரியும். ஆனால் நான் இங்கிலீஷ் டீச்சர். வாராவாரம் இந்தப் பக்கத்தில் வார்த்தைகளுக்கு வேர் தேடுகிறவள். ஒரு வார்த்தை தானாக வந்து விழுந்தால் விடுவேனா?

அன்று பூரிக்கட்டையை ஆட்டியபடி ஆரம்பித்தேன். பெஞ்ச் என்றால் பள்ளிக்கூடத்தில் உட்காருவது. கோர்ட்டில் நீதிபதிகள். கிரிக்கெட்டில் ஆட இடம் கிடைக்காதவர்கள். இத்தாலியில் பணம் மாற்றுகிறவர்கள் தெருவில் போட்டிருந்த பெஞ்ச்தான் பின்னால் 'பேங்க்' ஆனது. நொடித்துப்போனவனின் பெஞ்சை உடைத்துப்போடுவார்களாம் — உடைந்த பெஞ்ச், 'பேங்க்ரப்ட்'! விருந்துக்குச் சொல்கிற 'பேங்க்வெட்' இருக்கிறதே, அதுவும் ஒரு குட்டி பெஞ்ச்தான்...

அவன் மூன்று சப்பாத்தியை அமைதியாகச் சாப்பிட்டு எழுந்தான்.

அடுத்த வாரம் அது இங்கே பத்தியாக வந்தது. நீங்கள் படித்தீர்கள். பாராட்டி எழுதினீர்கள். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் நானே உரக்க வாசித்துக் காட்டினேன். 'இந்த வார வார்த்தை, என் மகன் கொடுத்தது' என்று பெருமையாக வேறு எழுதியிருந்தேன். "சூப்பர்ம்மா" என்றான்.

அந்த முகத்தை நான் பார்த்தேனா? பேப்பரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெஞ்ச்ல ரெண்டு மாசம்தான் வச்சிருப்பாங்க, அப்புறம் அனுப்பிடுவாங்கன்னு சொல்ல வந்தேம்மா. நீ இத்தாலியில இருந்தே." போன வியாழக்கிழமை இதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

"மறுபடியும் ஒருதரம் சொல்லியிருக்கலாமேடா..."

"சொன்னா அதுக்கும் ஒரு கதை வச்சிருப்பே. விடும்மா. அடுத்த வாரம் 'ஃபயர்' பத்தி எழுது, அதுக்கும் நிறைய அர்த்தம் இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இப்படி எதையோ சொல்ல வந்து, என்னிடம் பாடம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்களோ?

இப்போதெல்லாம் அவன் சாப்பிட உட்கார்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்காருகிறேன். நேற்று, "ஒரு கம்பெனியில ஷார்ட் லிஸ்ட் பண்ணியிருக்காங்கம்மா" என்றான்.

'லிஸ்ட்'டுக்கு எனக்கு நாலு அர்த்தம் தெரியும்.

"அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன்.