எதிர்மாடியில் அந்துவான் பெட்டி

புயல் ஓய்ந்த காலையில் ஊரில் எந்தக் கைப்பேசிக்கும் டவர் கிடைக்கவில்லை. குருசுக்குப்பத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் நெல்லித்தோப்பில் என் வீடுவரை நடந்தே வந்து மார்கரீத் சொன்னாள், அவள் கணவர் அந்துவான் இரவே இறந்துவிட்டார் என்று. அவருடைய கைப்பேசியைக் காட்டினாள். எனக்கு எழுதிய கடைசிச் செய்தி அதில் இருந்தது: "நெஞ்சு வலிக்குது. வண்டிய எடுத்துகினு வா." பக்கத்தில், போய்ச் சேரவில்லை என்ற குறி.

அவரை அறிந்தவர்கள் அந்தப் பெட்டிகளையும் அறிவீர்கள். உள்ளங்கை அளவு ரேடியோ. டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். கைப்பேசியில் எழுதும் செய்தியை ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிடும். பிரெஞ்சு ராணுவத்தில் ரேடியோப் பிரிவில் இருந்த மனிதர், பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பாரா? ஆன்டெனா மாட்டாமல் சுவிட்சைப் போட்டு முதல் பெட்டியை நான் எரித்தபோது அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

என் தங்கை பாரீசிலிருந்து கொண்டுவந்த பெட்டி மட்டும் எங்களோடு பேசவே இல்லை. ஆன்டெனாவை மாற்றி மாற்றி அலுத்த பிறகுதான் தெரிந்தது, அதன் அலைவரிசையை ஐரோப்பாவுக்கென்று வைத்திருந்தார்கள். அந்துவான் சிரித்தார். "நம்ம ஜனங்க மாதிரிதான்யா. உடம்பு இங்க, பாஸ்போர்ட் அங்க."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் உயரமான அடுக்குமாடி. குடியிருப்பவர்களைக் கேட்டுத்தான் அதன் தண்ணீர்த் தொட்டிமேல், எங்கள் செய்திகளைக் கைமாற்றிவிடும் நடுப்பெட்டியை வைத்தோம். புயலுக்கு முந்தின நாள், கதிர்வீச்சில் தலைவலி வருகிறதென்று அந்தக் கட்டடத்தின் செயலாளர் அதைப் பிடுங்கி வாட்ச்மேன் அறையில் போட்டுவிட்டார். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனைக்கும் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காத மனிதர்.

அடக்கத்துக்கு மாலையோடு வந்து, "விதி" என்றார். மன்னித்துவிடு என்று பங்குச் சாமியார்கூடச் சொல்லிப் பார்த்தார். மாட்டேன்.

புயலில் பயந்துபோன செயலாளர், தனக்கொன்றும் கருவடிக்குப்பத்திலுள்ள தன் அம்மாவுக்கொன்றுமாகப் பெட்டி வாங்கியிருக்கிறார். நானோ அவர் பிடுங்கிப் போட்ட பெட்டியை மீட்டு, அவர் வீட்டுக்கு எதிர்மாடியில் ஏற்றிவிட்டேன். அதற்கு 'அந்துவான்' என்று பெயர் வைத்தேன். அதன் வழியாகத்தான் அவர் செய்தி அம்மாவிடம் போகும். செய்தி அனுப்பக் கைப்பேசியைத் திறக்கும்போதெல்லாம், பக்கத்துப் பெட்டிகளின் பட்டியலில் அந்தப் பெயர் முதலில் நிற்கும்.

போன வாரம் என் வாசலுக்கு வந்தார். "பேர மட்டும் மாத்திடுங்க சார். பாக்கவே ஒரு மாதிரியா இருக்குது."

"பேரு இருக்கும். உங்க செய்தியும் போவும்," என்றேன். "அவரோடதுதான் போவல."

அந்துவானிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பெட்டியையும் இந்தக் கோபத்தையும்தான். இரண்டையும் இறக்கி வைக்கப்போவதில்லை.