மேசை உயரம்

வீட்டில் அவளுக்கு அரைப்படி என்று பெயர். பிறந்தபோதே சின்ன உருவம். வளர்ந்து ஆளான பிறகும் அக்காளின் தோளைத் தாண்டவில்லை. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் நீளமான பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டது கிடையாது. மருத்துவமனை வரிசையில் எப்போதாவது அந்தப் பெயர் கேட்கும். அப்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காள்தான் விலாவில் இடித்து, "உன்னத்தான்டீ, எந்திரி" என்பாள்.

உருவம்தான் அரைப்படி. வாய் பெரிய மரக்கால். பேருந்தில் யாராவது அவள் தலையில் முழங்கையை வைத்துக் கம்பியைப் பிடித்தால், "அண்ணே, இது என் தலை. மாடிப்படிக் கைப்பிடி இல்ல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவாள். அண்ணன் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார்.

வேலை செருப்புக் கடையில். சின்ன முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காலைப் பலகையில் வைத்து அளவெடுத்து, பெட்டி பெட்டியாகத் திறந்து மாட்டிக் காட்டுகிற வேலை. நாள் முழுக்க மனிதர்களை முழங்காலுக்குக் கீழேதான் பார்த்தாள். கடைக்கு எதிரே ஒரு கலைக்கூடம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தாள்; உள்ளே குளுகுளுவென்று இருக்கும், கட்டணமும் இல்லை. முதலில் குளிருக்காகப் போனவள், பிறகு சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு படத்தின் பக்கத்தில் உடைந்த நாற்காலி ஒன்றை ஏன் வைத்திருக்கிறார்கள், அடுத்த சுவரை ஏன் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று காவலாளியைப் பிடித்துக் கேட்டாள்.

"அதெல்லாம் கியூரேட்டர் பாத்துக்குவாங்கம்மா. எதை எடுக்கணும், எதை எங்க வெக்கணும்னு முடிவு பண்றது அவங்க வேலை."

"அதுக்குன்னு ஒரு ஆளா?"

"படிப்பே இருக்கே. சாயங்கால வகுப்பு. வாசல்ல ஒட்டியிருக்காங்க பாரு."

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, பேச்சில் யாரையும் விட்டுவைக்காதவர். "படத்த ஆணி அடிச்சு மாட்டறதுக்கு ஒரு வருஷப் படிப்பா? கொண்டாங்கடீ சுத்தியல, நான் இப்பவே பட்டம் வாங்கிக்கிறேன்" என்றார். சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. துணி தைக்கும் அக்காள் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை தன் பழைய அளவு நாடாவைச் சுருட்டித் தங்கையின் பையில் போட்டுவிட்டாள்.

வகுப்பு நடத்தியவர் கலைக்கூடத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த மேடம். நல்ல நெட்டை. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் ஏணி மேடம் என்பார்கள். கறாரானவர், ஆனால் சொல்லிக்கொடுப்பதில் கஞ்சத்தனம் பார்க்காதவர். முதல் பயிற்சியாக ஆளுக்கொரு சின்ன அறையும் ஒரு கட்டுப் படங்களும் கொடுத்தார். "படத்தோட நடு, கண்ணுக்கு நேரா வரணும். அவ்வளவுதான். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

அரைப்படி ஒரு படத்தையும் விடவில்லை. எல்லாவற்றையும் மாட்டினாள். கண்ணுக்கு நேரே என்றார்களே என்று சுவரோரம் நிமிர்ந்து நின்று, தன் கண்ணுக்கு நேரே பென்சிலால் கோடு போட்டு, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அந்தக் கோட்டிலேயே வரிசையாக மாட்டினாள். அவ்வளவு நேர்த்தியான கோட்டை அந்த வகுப்பில் வேறு யாரும் போடவில்லை. ஆனால் உள்ளே வந்தவர்கள் எல்லாரும் படங்களின் மேல் சட்டத்தைத்தான் பார்த்தார்கள்.

மேடம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். "இது அறையா, வீடு மாத்துற லாரியா?"

பின்வரிசையில் சிரிப்பு.

"சரி, அது போகட்டும். இது யாரோட கண்ணு?"

"என்னோடதுதான் மேடம்."

"இந்த அறைக்கு நீ மட்டும்தான் வரப்போறியா?"

இந்த முறை வகுப்பு முழுக்கச் சிரித்தது. சராசரி மனிதன் ஒருவனின் கண் உயரம் இன்னது என்று ஒரு கணக்கு இருக்கிறது, உலகம் பூராவும் கூடங்களில் அதைத்தான் பின்பற்றுகிறார்கள் என்று மேடம் விளக்கினார். அரைப்படிக்குக் காது சிவந்துவிட்டது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தச் சராசரி மனுஷன் எங்க இருக்காரு மேடம்? ஒரு நாள் கடைக்கு அனுப்பி வைங்க, செருப்பளவு எடுத்து வெச்சுக்கிறேன்."

மேடத்தின் உதட்டோரம் லேசாகச் சிரித்தது. "முதல்ல விதியக் கத்துக்க. அப்புறம் சண்டைக்கு வா."

கற்றுக்கொண்டாள். அக்காளின் நாடாவில் அந்த உயரத்துக்கு நேராகச் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுக்கொண்டாள். பிடித்த படத்தையும் வேண்டாமென்று எடுத்து வைக்கக் கற்றாள். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பாடம், இரண்டு முறை அழுதிருக்கிறாள். கண்ணாடியில் விளக்கு பட்டுக் கூசாமல் சாய்த்து வைப்பது, பொருள் பெட்டியிலிருந்து வெளியே வந்ததுமே கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது, பக்கத்தில் ஒட்டும் விளக்கக் குறிப்பில் படத்தை முந்திக்கொண்டு பேசாமல் இருப்பது எல்லாம் கைக்குப் படிந்தன. வீட்டுச் சமையலறை அலமாரியைக்கூட நாலு தடவை மாற்றி அடுக்கிவிட்டாள். "பருப்பு டப்பா எங்கடீ?" என்று அம்மா கத்தினால், "அதுக்கு மூச்சு விட இடம் கொடுத்திருக்கேன்மா, கீழ் தட்டுல பாரு" என்று பதில் வரும்.

தன் முதல் கண்காட்சிக்கான கலைஞரை அவள் கண்டுபிடித்தது செருப்புக் கடையில்தான். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் வந்து உட்கார்ந்தார். முட்டி, முழங்கை எல்லாம் கரி.

"என்ன வேலை பாக்குறீங்கக்கா?"

"மேசைக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கறது" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

காசின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் காசு தாளில் வந்துவிடும். சின்ன வயதில் எல்லாரும் செய்திருப்போம். அந்தக் கலைஞர் அதையே மேசைகளின் அடிப்பக்கத்தில் செய்துகொண்டிருந்தார். பெரிய தாளை மேசைக்கடியில் ஒட்டி, கீழே படுத்து, கரிக்கட்டியால் தேய்த்து எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் அரைப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். அலுவலக மேசை ஒன்றில் காய்ந்த சூயிங்கம் மேடுகள், திருகாணித் தலைகள், ஒரு மூலையில் யாரோ கூர்மையாகக் கீறிய "போதும்" என்ற சொல். பரீட்சைக் கூடத்து மேசையில் விடைகள். ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கை எட்டுகிற இடமெல்லாம் ஒரு குழந்தை ஒட்டிய நட்சத்திரங்கள். மேலே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

வருட முடிவில் கலைக்கூடத்தின் முன்னறையை ஒரு மாதத்துக்கு அவளிடம் ஒப்படைத்தார்கள். அவள் தேர்ந்தெடுத்தது இந்தத் தாள்களைத்தான். மேடத்துக்கும் பிடித்திருந்தது. நுழைவுச் சுவரில் கண்காட்சியின் பெயர், கலைஞரின் பெயர், அதற்குக் கீழே கியூரேட்டர் என்று போட்டு அவளுடைய முழுப் பெயர், வெட்டி ஒட்டும் எழுத்துகளில் வரும் என்றார்கள். இதைத் தெரிந்துகொண்ட அக்காள் தைக்கக் கொடுக்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், வழி கேட்க வந்தவர்கள் என்று ஒருவரையும் விடாமல் சொல்லித் தீர்த்தாள்.

மேடம் வெளியூர் போயிருந்த வாரத்தில் மாட்டும் வேலை நடந்தது. அரைப்படி முதலில் சிவப்பு நூல் சொன்ன உயரத்தில்தான் மாட்டினாள். பார்த்தால் ஒன்றுமேயில்லை. கறுப்புக் கறுப்பாகத் தாள்கள் தொங்கின, அவ்வளவுதான். விளக்கை மாற்றினாள், இடைவெளியை மாற்றினாள், அப்போதும் உயிர் வரவில்லை. சலித்துப்போய், கடையிலிருந்து கொண்டுவந்திருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். எதிரே, கீழே சாய்த்து வைத்திருந்த ஒரு தாள் அவளையே பார்த்தது. அந்த "போதும்" காதருகே சொன்னது போல இருந்தது.

எல்லாவற்றையும் இறக்கினாள். ஒவ்வொரு தாளின் மேல் விளிம்பும் ஒரு மேசையின் உயரத்துக்கு வருகிற மாதிரி மறுபடி மாட்டினாள். அதற்கு மேலே சுவர் முழுக்க வெறுமை. பார்க்க வேண்டுமானால், மேசைக்கடியில் விழுந்த எதையோ தேடுவது போலக் குனிய வேண்டும். கலைஞர் வந்து பார்த்து, "இதவிட ஒரு விரல் மேல போனாலும் நான் சுருட்டி எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார்.

நுழைவுச் சுவருக்குக் கருநீலம் அடிக்கச் சொன்னாள். அடித்த மறுநாளே எழுத்துகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பெயின்டர் தடுத்தார்.

"உள்ள இன்னும் ஈரம் இருக்கும்மா. இப்ப ஒட்டினா பிடிச்சுக்கும். ஆனா பிரிக்கிறப்ப பெயின்டையும் சேத்து உரிச்சுட்டு வந்துடும்."

"யாருண்ணே பிரிக்கப் போறா?" என்றாள். ஒரு நாள்கூடப் பொறுக்க அவளால் முடியவில்லை. வெள்ளை எழுத்துகளில் தன் பெயரை ஒட்டிவிட்டு, அந்நியரின் பெயரைப் படிப்பது போல மெல்ல, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

திறப்பு நாளன்று மதியம் மேடம் வந்தார். அக்காளும் சீக்கிரமே வந்து ஓரமாக நின்றிருந்தாள். மேடம் அறையைச் சுற்றி வந்தார். அவருடைய உயரத்துக்கு, படங்கள் இடுப்புக்குக் கீழே கிடந்தன.

"மறுபடியும் உன் கண்ணா?"

"இல்ல மேடம். மேசையோட உயரம்."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இன்னிக்கு வர்றவங்களுக்கு? ஒரு வருஷம் படிச்சும் இந்தப் பொண்ணுக்கு மாட்ட வரலன்னு சொல்லுவாங்க. வகுப்போட மானம் போகும், உன்னோடதும் போகும். ஏத்திடு."

"ஏத்தினா செத்துடுது மேடம். மாட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். வரைஞ்சவங்களும் படத்த எடுத்துட்டுப் போயிடுவேங்கறாங்க."

மேடம் யோசித்தார். குரலில் கோபமில்லை, அதனால்தான் அது இன்னும் உறுதியாகக் கேட்டது. "அப்ப ஒண்ணு பண்ணு. படம் இப்படியே இருக்கட்டும். இது கலைஞரோட விருப்பம்னு எழுதிடுவோம். கியூரேட்டர்னு உன் பேர் இதுல வேண்டாம். எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்க."

அக்காள் தங்கையின் கையைப் பிடித்தாள். "ஏத்திடேன்டீ. ஒரு முழம்தானே? அம்மா, மாமா எல்லாரும் உன் பேரப் பாக்கத்தான்டீ வர்றாங்க."

"பேரப் பாக்க வர்றவங்க வாசலோட போயிடட்டும்க்கா. முக்காலியப் பிடி."

அக்காள் ஒரு கணம் நின்றாள். பிறகு முக்காலியை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். அரைப்படி ஏறி, முதல் எழுத்தின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். எழுத்து வந்தது. அதோடு கருநீலமும் தோலாக உரிந்து வந்தது. உள்ளே சுவரில் பூசிய வெள்ளைப் பட்டி. அடுத்த எழுத்தும் அப்படியே. மேடம், "நிறுத்து" என்று சொல்வதற்குள் பாதிப் பெயர் போயிருந்தது. போகவும் இல்லை, ஒட்டியிருந்தபோது இருந்ததைவிடப் பெரிதாக, ஓரங்கள் பிய்ந்து, சுவருக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்திருந்தது. அவள் நிறுத்தவில்லை. "கியூரேட்டர்" என்ற சொல்லையும் கடைசி எழுத்துவரை உரித்து, சுருளை மேடத்தின் கையில் பணிவாகக் கொடுத்தாள்.

"எடுத்துட்டேன் மேடம்."

மேடம் சுவரையும் சுருளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை உடனே பூசணும்" என்றார், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பெயின்டரிடம்.

"பூசலாம் மேடம்" என்றார் பெயின்டர், சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்தபடி. "ஆனா பட்டி வெச்சு, தேச்சு, அடிச்சு, காயணும். வாசல்ல ஆளுங்க வந்துட்டாங்க."

மேடம் சுருளைக் கையிலேயே வைத்துக்கொண்டு அறைக்குள் போனார். கொஞ்ச நேரம் காலடிச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. அவர் வெளியே வந்தபோது அந்த மடிப்புக் கலையாத சேலையில், முழங்கால் இருக்கும் இடத்தில், தரைத் தூசி வட்டமாக ஒட்டியிருந்தது. அதை அவர் தட்டிவிடவும் இல்லை, பூசுவதைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை.

கூட்டம் வந்தது. அம்மாவும் வந்தாள். மாமா எல்லாருக்கும் முன்னால் வந்து நுழைவுச் சுவரெதிரே நின்றார்.

"என்னடீ இது? எல்லார் பேரையும் அழகா ஒட்டியிருக்காங்க, உன் பேர மட்டும் யாரோ பிராண்டி வெச்சிருக்கான்?"

"பிராண்டினது நான்தான் மாமா."

"உன் பேர நீயேவா? பைத்தியமா உனக்கு?"

"ஆமா."

மாமா தொந்தியைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். வெறும் சுவர்தான் தெரிந்தது. "படம் எங்கடீ? ஆணியக்கூடக் காணோமே!"

அரைப்படி வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். அக்காளின் நாடா கழுத்தில் தொங்கியது. இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, தன் முழு உயரத்துக்கும் நிமிர்ந்தாள்.

"குனிங்க மாமா."