கட்சி உடைந்த தை மாதத்துக் காதுகுத்து

உங்கள் பெரியப்பாவுக்கு அடுத்துப் பிறந்தவள் அத்தை, கடைசி நான். அத்தை கல்யாணமாகி, திருமுல்லைவாயிலில் நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தாள். அவள் வீட்டுப் பக்கச் சுவர் பஸ் போகிற சாலையைப் பார்த்து நீளமாக இருக்கும். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் அதன் மேல் ஒரு கண். ஆனால் பெரியப்பாவும் அத்தை வீட்டுக்காரரான மாமாவும் ஒரே கட்சி என்பதால் அது வேறு யாருக்கும் கிடைக்காது. தேர்தல் பேச்சு எழுந்ததுமே பெரியப்பா போய்ச் சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சிப் பெயரைச் சின்னதாக எழுதிவிட்டு வருவார். அப்படிச் செய்துவிட்டால் சுவர் புக் ஆகிவிட்டது என்று அர்த்தம். எதிர்க்கட்சிக்காரனும் அதை மதிப்பான். பிறகு மாமா சின்னம் வரைவார்.

தலைவர் காலமான பிறகு கட்சி இரண்டாக உடைந்தது. பழைய சின்னம் இரண்டு பேருக்கும் இல்லை என்று ஆகிவிட்டது. பெரியப்பா ஒரு அணி, மாமா ஒரு அணி. அப்போதும் கேலியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"இன்னா மச்சான், உங்காளு டெபாசிட்டாவது வாங்குவானா?" என்பார் மாமா.

"உன் ஓட்டும் சேந்தா வாங்குவான். போட்டுட்டுப் போ மாப்ளே" என்பார் பெரியப்பா.

அந்த மார்கழியில் பெரியப்பா வழக்கம்போல அத்தை வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். யார் அணிக்கு என்று அவர் யோசிக்கவே இல்லை. தேர்தல் வந்தால் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது அவர் வேலை, அவ்வளவுதான். மூலையில் எழுதியதும் இரண்டு அணியும் சொந்தம் கொண்டாடிய அதே பழைய கட்சிப் பெயர்தான். ஆனால் எழுத்து யாருடையது என்று ஊருக்கே தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வந்த மாமாவை டீக்கடையில் அவருடைய ஆட்களே பிடித்துக்கொண்டார்கள்.

"சொந்த ஊட்டுச் சொவுத்தையே உட்டுட்டான். இவன் தொகுதியப் புடிக்கப் போறானாம்."

மாமா நேராக நம் வீட்டு வாசலுக்கு வந்தார். பின்னாலேயே அத்தையும் ஓடி வந்தாள்.

"யாரக் கேட்டு என் சொவுத்துல கைய வச்ச?"

"எப்ப நான் கேட்டுகினு அடிச்சிருக்கேன்?"

"அப்ப ஒரே கட்சி."

"ஒரு வாளி சுண்ணாம்புக்கு இம்மாம் பேச்சா மாப்ளே. அதும் மேலயே உன் சின்னத்த எழுதிக்கோ போ."

"நீ பிச்ச போட்ட சொவுத்துல நான் எழுதணுமா? தையில புள்ளைக்குக் காது குத்துறன்ல, அங்க வந்துகினு நிக்காத. என் பொண்ணு உன் மடில உக்காராது."

அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னா பேச்சு இது? தாய்மாமன் இல்லாம எப்பிடி?" மாமா கையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வயதுப் பிள்ளை அது. சாயங்காலமானால் பெரியப்பா தோளைவிட்டு இறங்காது. காதுகுத்துக்கென்று பட்டுப்பாவாடையும் கம்மலும் வாங்கி வைத்திருந்தார் அவர். மறுநாள் மாமா என்னிடம் வந்தார். "நீயும் தாய்மாமன்தான? வந்து உக்காரு. உனக்குத்தான் கட்சியே இல்லியே" என்றார். "அண்ணன் இருக்கும்போது நான் எப்படி மாமா உட்காருவேன்?" என்று சொல்லிவிட்டேன். நான் மறுத்தால் அவர் மனம் மாறிவிடும் என்று நம்பினேன்.

மாறவில்லை. கோயிலில் தாய்மாமன் இடத்தில் மாமாவின் அணி வட்டச் செயலாளர் கரை வேட்டியோடு உட்கார்ந்தார். அத்தைக்காக நான் மட்டும் போயிருந்தேன். ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்பே பிள்ளை அந்தப் புது ஆளைப் பார்த்து மிரண்டு, "மாமா, மாமா" என்று கத்தியது. சுற்றி நின்றவர்கள் ஊசிக்குப் பயப்படுகிறது என்று சிரித்தார்கள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மதில் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேர்தலில் இரண்டு அணியும் தோற்றன. கொஞ்ச நாளில் தலைவர்கள் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள், பழைய சின்னமும் வந்துவிட்டது. அந்த வட்டச் செயலாளர் ஜெயித்த கட்சிக்கே போய்விட்டார். மாமா இறங்கி வந்தார்.

"எல்லாம் ஒண்ணாயிட்ச்சி மச்சான். நமக்குள்ள இன்னாத்துக்கு?"

பெரியப்பா கோபமாகப் பேசவில்லை. "அவங்க மேடையில கை குடுத்துக்குவாங்க மாப்ளே. புள்ளைக்கு மறுபடி காது குத்த முடியுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு கட்சிக் கூட்டத்தில் இரண்டு பேரும் ஒரே கொடியின் கீழ் நிற்பார்கள், பேசமாட்டார்கள். இரண்டு வருஷத்தில் மாமா ஐயப்பன்தாங்கல் பக்கம் வீடு மாற்றிக்கொண்டு போனார். பெரியப்பா வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து அத்தை மட்டும் எப்போதாவது வந்து போவாள்.

பல வருஷம் கழித்துப் பூந்தமல்லி பஸ்ஸில் பெரியப்பா நின்றுகொண்டே போயிருக்கிறார். பள்ளிக்கூட யூனிபார்மில் ஒரு பெண் எழுந்து, "உக்காருங்க சார்" என்று இடம் கொடுத்ததாம். அச்சு அசல் நம் அத்தை முகம். அடுத்த சீட்டில் அத்தையே இருந்தாள். மகளுக்கு இவர் யாரென்று சொல்ல வாயெடுத்தாளாம். பெரியப்பா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தன் ஸ்டாப் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து என்னிடம், "புள்ள மரியாதையா வளந்துகீதுடா" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.