மலிவு டொமைனும் வந்து சேராத ஈமெயிலும்

எங்கள் ஊரான காஜா பேராங்கில் முதியவர்களைக் கவனிக்க வீடுகளுக்குத் தாதியரை அனுப்பும் தொழில் நடத்துகிறேன். அதற்கு டொமைன் என்னும் இணையப் பெயரைப் பதிவு செய்தபோது, இருப்பதிலேயே மலிவான நிறுவனமாகப் பார்த்து எடுத்தேன். "வெறும் பேருதானே, எங்க வாங்கினா என்ன?" என்றேன் கணவரிடம்.

ஒருநாள் காலை டொமைன் முடங்கி, அதே பெயரில் இயங்கிய எங்கள் ஈமெயிலும் நின்றுபோனது. அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எண்ணே இல்லை. அவர்கள் இணையதளத்தில் எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

மாலையில் பெர்த்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். எங்கள் பக்கத்துப் பகுதியான கிளேபாங்கில் தனியாக வசிக்கும் அவள் தாயார் எங்கள் பொறுப்பில் இருந்தார்.

"அம்மா போன் எடுக்கல, ஆளனுப்புங்கன்னு காலையிலயே ஈமெயில் போட்டேனே அக்கா! வேலை இடத்துல எனக்குப் போன் பேச முடியாது. ஏன் யாரும் போகல?"

ஓடினோம். கதவை உடைத்துப் பார்த்தால், அந்த அம்மா குளியலறைத் தரையில் விழுந்து கிடந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் அதன்பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று அந்த நிறுவனத்தின் பதில் வந்தபோது அவர் மருத்துவமனையில் இருந்தார்.

டொமைனை மாற்றிவிட்டேன். புதிய நிறுவனத்தில் விலை கேட்குமுன் போன் செய்து, எடுத்துப் பேச ஆள் இருக்கிறாரா என்றுதான் பார்த்தேன். ஈமெயில் நின்றால், இப்போதெல்லாம் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் செய்கிறேன்.