பூஜை அலமாரியில் என் படைத்தலைவன்

தனியாக ஆடும் ஆட்டத்தில் ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜையில் பிளைவுட் பலகையைப் போடுவேன். காய்ந்த டீத்தூள் ஒட்டிய பலகை, அதுதான் மாயக் காடு. இரண்டு பொம்மைப் படைகளையும் நானே நகர்த்துவேன். எதிரி என்ன செய்வான் என்பதைப் பகடையும் ஒரு அட்டவணையும் சொல்லும். பகடை சொன்னால் சொன்னதுதான். செத்த பொம்மை மறுபடி பலகைக்கு வராது.

பொம்மைகள் எல்லாமே ஒட்டுவேலை. கப்பலூரில் நான் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனியில் கழித்துப்போடும் துண்டுகள்தான் ஈட்டியும் கேடயமும். எதிரிகள், பின்னங்காலில் நிமிர்த்தி நிறுத்திய ரப்பர் பல்லிகள். படைத்தலைவனை மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். விரல் நீளப் பிளாஸ்டிக் சிப்பாயின் துப்பாக்கியை வெட்டி எறிந்து, பவுடர் டப்பாத் தகரத்தில் அரிவாள் கொடுத்து, எபாக்ஸி பசையில் முறுக்கு மீசை வைத்தேன். மாயக் காட்டுக்காரன் என்பதால் இங்கிலீஷ் கதைகளில் வருவதுபோலக் காதைக் கூராக்கிக் குதிரை மேல் ஏற்றினேன்.

ஒரு ஞாயிறு அவன் மூன்று பல்லிகளுக்கு நடுவே குற்றுயிராக நின்றான். அடுத்து உருட்டும் பகடையில் ஒன்று விழுந்தால் ஆள் காலி. அந்த நேரம் பார்த்து குக்கர் விசிலடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் ஆளைக் காணோம்.

பூஜை அலமாரியில் இருந்தான். நெற்றி நிறையத் திருநீறு, காலடியில் ஒரு செம்பருத்தி. எதிரில் என் மாமியார் கைகூப்பி நின்றார். கண்புரை ஆபரேஷனுக்காக வாடிப்பட்டியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார்.

“கருப்பசாமிய எச்சி மேசையிலயா வைக்கிறது? எனக்குக் கண்ணு மங்கிருச்சுன்னாலும் இந்த மீசையும் அருவாளும் தெரியாமப் போகுமாத்தா?”

“அத்தை, அது பொம்மை” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், “கண்ணு நல்லபடியாத் தெரியணும் அய்யா” என்று அழ ஆரம்பித்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பயந்து இரண்டு தடவை தேதியைத் தள்ளிப்போட்டவர் அவர். இந்தத் தடவை, “அய்யா இருக்காரு, நான் வாரேன்” என்று அவரே பையை எடுத்து வைத்தார். எப்படிச் சொல்வது?

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரிக்கும்வரை எனக்கு நிம்மதியே இல்லை. என் பொம்மையை நம்பி ஒரு மனுஷி கண்ணைக் கத்திக்குக் கொடுக்கிறார், ஏதாவது ஆகிவிட்டால்? கணவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டுப் பிரித்ததும் எதிர்ச் சுவர்க் காலண்டரில் தேதியை அத்தையே படித்தார். அப்பாடா என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அடுத்தது உறைத்தது. இனிமேல் இவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும்.

வீட்டுக்குள் நுழைந்தவர் நேரே பூஜை அலமாரிக்குப் போனார். முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஏத்தா, சாமிக்குக் காது ஏன் இம்புட்டுக் கூரா இருக்கு?”

பல்லி, பகடை, குக்கர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகை வந்துவிட்டது. அத்தை கோபப்படவில்லை. அவனை எடுத்து என் கையில் வைத்தார்.

“நான் கும்பிட்டப்ப சாமியாத்தான் நின்னாரு. இப்ப நீ ஒம் பொம்மையக் கொண்டு போ. ஆனா ஒண்ணுத்தா, பல்லிகிட்ட செத்துப்போனான்னா எங்கிட்டச் சொல்லாத.”

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு பலகையை விரித்து, அவனைப் பழைய இடத்திலேயே நிறுத்தினேன். திருநீற்றைத் துடைக்க மனசு வரவில்லை. அத்தை கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உள்ளே படுத்திருந்தார். பகடையை உருட்டினேன். ஒன்று.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. பகடையை எடுத்து மறுபடி உருட்டினேன்.