பலூன் மைதானத்தில் ஒரு பிரட்டு

சங்கு

தேயிலைத் தோட்டத்தில் சங்கு ஊதினால் வரிசையில் நிற்க வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நடை பழகும்போதே பழகிவிடும். சங்குச் சத்தம் கேட்டதும் கொழுந்து எடுக்கும் பெண்கள் பிரட்டுக்களத்துக்கு ஓடிவந்து வரிசை கட்டுவார்கள். கங்காணி பேர் வாசிப்பார், யார் யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். இதுதான் பிரட்டு. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விடிந்ததாகக் கணக்கு.

தம்புள்ளைப் பக்கத்தில் நடந்த பலூன் விழாவில் ஊதிய சங்குக்கு அர்த்தம் வேறு. பலூனுக்குக் காற்றடிக்கப் போகிறோம், எல்லோரும் மைதானத்தை விட்டு வெளியே போங்கள் என்று அர்த்தம். மற்ற சனமெல்லாம் மரியாதையாகக் கயிற்றுக்கு வெளியே போய்விட்டது. என்னுடைய ஆட்கள் மட்டும் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்து, தரையில் விரித்திருந்த பலூன் துணிக்குப் பக்கத்தில் இரண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள். குட்டையானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால். யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் தோட்டத்துப் பிரட்டில்கூட அப்படி ஓர் ஒழுங்கை நான் கண்டதில்லை.

நான் கங்காணியாகி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேலை இன்னும் உறுதியாகவில்லை. அன்று மைதானத்தில் ஒரு கரைச்சல் வந்தால், திங்கட்கிழமை நான் மறுபடியும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான்.

பெருமாளண்ணனின் ‘ம்ம்’

இப்போது பல தோட்டங்களில் பெண்கள் கங்காணியாக இருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் என்னைப் பார்த்து, “பிலோமியக்கா, மொதல்ல எப்புடி சமாளிச்சீங்க?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நிவித்திகலைக்குக் கீழே எங்கள் தோட்டம். கொழுந்து எடுப்பது பெண்கள், நின்று விரட்டுவது ஆண்கள் என்று ஆதியிலிருந்து நடந்து வந்தது. புதிதாக வந்த தொர, அதாவது தோட்டத்து மேனேஜர், அதை மாற்றினார். அதுவரை கங்காணியாக இருந்த பெருமாளண்ணனின் கேங்கை எடுத்து என்னிடம் கொடுத்தார். பரீட்சார்த்தமாகத்தான், அதையும் எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் கொடுத்தார்.

பெருமாளண்ணன் கெட்ட மனிதர் இல்லை. ஒரு பெண்ணைப் பார்த்துக் ‘கங்காணி’ என்று சொல்ல மட்டும் அவருடைய நாக்கு வளையவில்லை. எல்லோர் முன்னாலும் என்னை “ஏ புள்ள” என்பார். நான் ஏதாவது சொன்னால் “ம்ம்” என்பார். அந்த ‘ம்ம்’முக்குள் ஒரு முழுக் குற்றப்பத்திரிகை இருக்கும்.

வருடா வருடம் எங்கள் பெண்கள் பஸ் பிடித்து ட்ரிப் போவது வழக்கம். பெரும்பாலும் கதிர்காமம்தான். அந்த வருடம் சரோஜா தன் போனில் பலூன் விழா ஒன்றைப் பார்த்துவிட்டாள். சரோஜா என் கேங்கில் வாயில் முதலிடம், கொழுந்திலும் முதலிடம்.

“கதிர்காமத்துக்கு அடுத்த வருசமும் போகலாம்க்கா. சாமி அங்கயேதான் இருக்கும். பலூன் பறந்து போயிரும்ல?” என்றாள்.

அனுமதி கேட்டு நான் தொரயிடம் போனேன்.

“போறது சரி. திங்கக்கெழம பெரட்டுல ஒரு ஆள் கொறையக்கூடாது. போற எடத்துல கரைச்சல் ஒன்னும் வரக்கூடாது. வந்துச்சுன்னா கேங்க பழையபடி பெருமாளுக்கே குடுத்துருவேன். அவரும் கூட வரட்டும். வந்து எனக்கு ரிப்போர்ட் சொல்லட்டும்” என்றார்.

பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தது போல இருந்தது எனக்கு.

மாரியம்மன் கோயில் வாசலில் தேங்காய் உடைத்துப் பஸ்ஸை எடுத்தோம். நான் வேதக்காரி, அதனால் அந்தோனியாரிடமும் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். பெருமாளண்ணன் முன்சீட்டில், கங்காணிமார் வழக்கப்படி குடையைச் சட்டைக் கொலரின் பின்பக்கம் கொளுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருத்தி வாந்தி எடுத்தால் “ம்ம்”. இன்னொருத்தி பாட்டுக்கு எழுந்து ஆடினால் “ம்ம்”. கேகாலை தாண்டுவதற்குள் ஒரு ரிப்போர்ட்டுக்கு வேண்டிய சாமான் அவரிடம் சேர்ந்துவிட்டது.

பேர் வாசித்தேன்

விடியற்காலையில் மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். சங்கு ஊதியது. மேலே சொன்னபடி என் ஆட்கள் உள்ளே போய் வரிசை கட்டினார்கள்.

செக்கியூரிட்டி ஒருவர் ஓடி வந்தார். “அம்மே, எளியட்ட யன்ன! எளியட்ட யன்ன!” வெளியே போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார்.

சரோஜா அசையவில்லை. “நம கியவன்னே நெத்துவ கொஹொமத மாத்தயா யன்னே?” என்று திருப்பிக் கேட்டாள். பேர் வாசிக்காமல் எப்படிப் போவது என்கிறாள். அந்த மனிதருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்ற பெருமாளண்ணனைப் பார்த்து, இவர்கள் யார் என்று கேட்டார்.

“தன்னே நே மாத்தயா” என்றார் அண்ணன். தெரியாதாம். ஒரே பஸ்ஸில் வந்து, எங்கள் சோற்றுப் பார்சலைத் தின்ற மனிதர்! சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு ‘ம்ம்’ போட்டார். அந்த ‘ம்ம்’மில் அவருடைய பழைய கேங் அவர் கைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

நான் வெளியே நின்று கத்தினால் எல்லோரும் பயந்து பலூன் துணியை மிதித்துக்கொண்டு நாலு பக்கமும் ஓடுவார்கள். அது நிச்சயம். ஆனால் வரிசையில் நிற்கும் கேங், பேர் வாசிக்கும்வரை கலையாது. அதுவும் நிச்சயம். நான் கயிற்றுக்கு அடியில் புகுந்து போய் அவர்கள் முன்னால் நின்று, மனப்பாடமாகப் பேர் வாசிக்க ஆரம்பித்தேன்.

“சரோஜா!”

“இருக்கேன்!”

“கமலாதேவி!”

“இருக்கேன்க்கா!”

இப்படி ஒருத்தி நடுமைதானத்தில் நின்று பேர் வாசித்தால் அவள் ஏதோ உத்தியோகக்காரிதான் என்று செக்கியூரிட்டி நினைத்துவிட்டார். கத்துவதை நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பலூன் ஓட்டும் வெள்ளைக்காரரும், அவருக்கு உதவியாக இருந்த மஞ்சள் ஜாக்கெட் போட்ட சிங்களத் தம்பியும் வந்தார்கள். கயிறு பிடிக்க வருவதாகச் சொல்லியிருந்த ஆட்கள் வராததால் இருவரும் தவித்துக்கொண்டிருந்தார்களாம். எங்களைப் பார்த்ததும் வெள்ளைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. உதவிக்கு வந்த ஆட்கள் நீங்கள்தானா என்று தம்பி சிங்களத்தில் கேட்டான்.

நான் “ஓவ், மாத்தயா” என்றேன், ஆமாம் ஐயா என்று. பெரிய பொய் ஒன்றுமில்லை. ஆட்கள்தான், வந்துதான் இருந்தோம்.

அப்புறம் என்ன, மலை பிரிப்பது போல வேலையைப் பிரித்தேன். நாலு பேர் துணியின் வாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆறு பேர் பலூன் உச்சியில் கட்டிய கயிற்றைப் பிடிக்க வேண்டும். மிச்சப் பேர் பலூனின் கூடை கிளம்பிவிடாமல் அமுக்கிக்கொள்ள வேண்டும்.

“அக்கா, இதுக்கு முழுப்பேரா அரப்பேரா?” என்றாள் சரோஜா. முழுநாள் வேலைக்கு முழுப்பேர், பாதி நாளுக்கு அரைப்பேர் போடுவது தோட்டத்து வழக்கம்.

“ஒன் வாய மூடிக்கிட்டு துணியோட வாயத் தொற” என்றேன்.

சேலையை மழைநாளில் சொருகுவது போலச் சொருகிக்கொண்டு இறங்கினார்கள். பெரிய மின்விசிறி காற்றடிக்க, துணி மெல்ல மெல்ல உப்பி எழுந்தது. பிறகு வெள்ளைக்காரர் நெருப்பைத் திறந்தார். அந்த உறுமல் சத்தத்துக்கு எல்லோரும் ஒரே குரலில் “ஆத்தாடி!” என்று அலறினார்கள். ஆனால் ஒருத்திகூடக் கையை விடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பலூன் நிமிர்ந்து நின்றபோது நாங்களே அதைப் பெற்றெடுத்தது போல நின்றோம்.

லொக்கா யார்?

வெள்ளைக்காரருக்கு ரொம்பச் சந்தோஷம். கயிற்றில் கட்டியபடியே கொஞ்ச உயரம் ஏறி இறங்கும் முதல் சவாரிக்கு எங்கள் தலைவரை அழைத்துப் போவதாகச் சொன்னார். தம்பி எங்களிடம் கேட்டான்.

“மே செட் எகே லொக்கா கவுத?” இந்தக் கூட்டத்துக்குப் பெரியவர் யார் என்று அர்த்தம்.

நான் வாயைத் திறப்பதற்குள் கயிற்றுக்கு அடியில் ஒரு வெள்ளைச் சட்டை புகுந்து வந்தது.

“மம தமாய்!” நான்தான் என்றார் பெருமாளண்ணன். சற்று முன் எங்களை யாரென்றே தெரியாது என்றவர்.

சரோஜா என் விலாவில் இடித்தாள். “அக்கா, நீங்கதான்னு சொல்லுங்கக்கா!”

நான் கூடையைப் பார்த்தேன், அதற்கு மேலே எரிகிற நெருப்பைப் பார்த்தேன், அண்ணனைப் பார்த்தேன்.

“விடுடி, ஆசப்படுறாரு” என்றேன்.

பலூன் தென்னைமர உயரம் போகும்வரை அண்ணன் கை காட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் நெருப்பு ஒரு தடவை உறுமியது. கை காட்டுவது நின்றது. பிறகு இரண்டு கையையும் பலமாக ஆட்டத் தொடங்கினார். வெள்ளைக்காரருக்கு அது சந்தோஷம் போலத் தெரிந்திருக்கிறது. தானும் கை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். கொலரில் கொளுவியிருந்த குடை கழன்று கீழே விழுந்தது. நான் அதை எடுத்து என் கையில் மாட்டிக்கொண்டேன்.

“ஏ புள்ள! எறக்கச் சொல்லு!”

“கேக்கலண்ணே!”

“பிலோமி! ஏ பிலோமி!”

“யாரண்ணே கூப்பிடுறீங்க?”

மனிதர் மனசுக்குள் எதனுடன் மல்லுக்கட்டினாரோ தெரியாது. பிறகு அந்த மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

“கங்காணி! பிலோமி கங்காணி! கங்காணியம்மா, எறக்கி விடு தாயே!”

பலூனை மூன்று ஜீப்பில் கட்டியிருந்தார்கள். எங்கள் கையில் இருந்தது சும்மா ஒரு துணைக்கயிறுதான். அது அண்ணனுக்குத் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை.

“எறக்குறோம்ண்ணே! தொரக்கிட்ட என்னா ரிப்போர்ட் சொல்லுவீங்க?”

“ஒன்னுமே சொல்ல மாட்டேன்!”

“அது எப்புடிண்ணே? நல்லதா ஏதாச்சும் சொல்லுங்க!”

“ஒழுங்கா லைன்ல நின்னாங்கன்னு சொல்றேன்! மாரியாத்தா மேல சத்தியம்!”

“இழுங்கடி” என்றேன். இழுத்தார்கள். வெள்ளைக்காரர் எப்படியும் இறக்கிக்கொண்டுதான் இருந்தார், நேரம் பொருந்திப் போனது.

தரைக்கு வந்ததும் அண்ணன் என்னிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். இரத்தினபுரி வரும்வரை ஒரு ‘ம்ம்’ கூட இல்லை.

திங்கட்கிழமை

தரையில் போட்ட சத்தியம் வேறு, ஆகாயத்தில் போட்ட சத்தியம் வேறு. திங்கட்கிழமை பிரட்டில் அண்ணனின் மீசை மறுபடியும் முறுக்கேறியிருந்தது. தொர வந்தார்.

“என்ன பெருமாள், ட்ரிப் எப்புடி?”

“தொர, அங்க என்னா நடந்துச்சுன்னா...” என்று தொண்டையைச் செருமினார் அண்ணன்.

அப்போது யாரும் சொல்லாமலே, வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் தலையை நிமிர்த்தி ஆகாயத்தைப் பார்த்தார்கள். கொழுந்துக் கூடையோடு எல்லோரும் மேலே. தொரயும் மேலே பார்த்தார். பெருமாளண்ணனும் பார்த்தார். அங்கே மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

“ஒன்னுமில்லீங்க தொர” என்றார் அண்ணன். “எல்லாரும் ஒழுங்கா லைன்ல நின்னாங்க. கங்... கங்காணியம்மா நல்லா பாத்துக்கிட்டாங்க.”

அடுத்த மாதம் எனக்கு வேலை உறுதியானது. ஓய்வு பெறும்வரை அந்தக் கேங் என்னிடமே இருந்தது.

இனிக் கங்காணியாகப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஆட்கள் தப்பான இடத்தில் வரிசை கட்டி நின்றால், முதலில் ஓடிப்போய் அவர்கள் முன்னால் நில்லுங்கள். திட்டுவதைப் பஸ்ஸில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளலாம். நானும் அன்று திரும்பி வரும் வழியில் சரோஜாவைப் பிடித்துத் திட்டினேன். எல்லாரையும் வெளியே போகச் சொல்லும்போது நீங்கள் மட்டும் எந்தத் தைரியத்தில் உள்ளே போய் நின்றீர்கள் என்று கேட்டேன்.

அவள் கச்சான் கடலையைக் கொறித்துக்கொண்டே சொன்னாள். “சங்கு ஊதுச்சு, நின்னோம். நீங்க எப்புடியும் முன்னுக்கு வருவீங்கதானேக்கா?”